பருந்தைப் படம் பிடித்தவர் பருந்தைப் பார்த்தாரா?

"படம் இருக்கா?" பறவை பார்ப்பவர்கள் வட்டத்தில் யார் எந்த வேட்டைப்பறவையைக் கண்டதாகச் சொன்னாலும் இன்று முதலில் வந்து விழும் கேள்வி இதுதான். இருக்கிறது என்றால் பேச்சு தொடரும். இல்லை என்றால் ஒரு புன்சிரிப்பு. அத்தோடு அந்தப் பறவை வரவே இல்லை என்று ஆகிவிடும். அம்பத்தூர் ஏரிக்கரையிலும், 2019-இல் பூங்காவாகத் திறக்கப்பட்ட ஆவடி பருத்திப்பட்டு ஏரியின் நடைபாதையிலும் ஞாயிறு காலையில் நீளமான லென்ஸ்கள் வரிசையாக நிற்கின்றன. இருநோக்கி தொங்கும் கழுத்துகள் குறைந்துவிட்டன. பறவை வருகிறது, ஷட்டர்கள் சடசடக்கின்றன, எல்லாரும் உடனே தலையைக் குனிந்து கேமராவின் திரையைப் பார்க்கிறார்கள். பறவையோ இன்னும் தலைக்கு மேல்தான் பறந்துகொண்டிருக்கிறது.

இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு கொள்கை இருக்கிறது: வேட்டைப்பறவைகளை இனம் பிரிப்பது உடலில் உள்ள குறிகளைப் பொறுத்தது, குறிகளைத் தெளிவாகக் காட்டுவது படம், ஆகவே தெளிவான படம் கிடைத்தால் பெயர் கிடைத்துவிடும், படம் இல்லாத பெயருக்கு மதிப்பில்லை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. மீன்கொத்திக்கும் மைனாவுக்கும் இது பொருந்தவும் செய்யும். பருந்து, வல்லூறு, கழுகு என்று வானில் திரியும் கூட்டத்துக்கு இது பொருந்தாது என்பதே என் கட்சி.

ஷிக்ரா என்று பறவை நோக்கர்கள் சொல்லும் வல்லூற்றை எடுத்துக்கொள்வோம். சென்னையின் மேற்குப் புறநகரில் கள்ளப்பருந்துக்கு அடுத்தபடி நாம் அடிக்கடி காணும் வேட்டைப்பறவைகளில் அது ஒன்று. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் தூங்குமூஞ்சி மரங்களிலும், பூந்தமல்லி நெடுஞ்சாலையோர வேம்புகளிலும், தெருவிளக்குக் கம்பத்திலும் உட்கார்ந்து ஓணானுக்கும் அணிலுக்கும் காத்திருக்கும். வளர்ந்த ஆணுக்கு முதுகு சாம்பல் நீலம், கண் சிவப்பு, மார்பில் மெல்லிய செம்பழுப்புக் குறுக்குக் கோடுகள். இதைத் தவறவிடுவது கடினம். சிக்கல் இளம் பறவையில் வருகிறது. முதல் வருடத்து வல்லூறு பழுப்பு நிறம். மார்பில் கண்ணீர்த் துளி போன்ற புள்ளிகள். தொண்டையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கருங்கோடு. அந்தக் கோடு படத்தில் பளிச்சென்று விழும். களக் கையேட்டைப் புரட்டினால் பெஸ்ரா என்ற பறவையின் பக்கத்தில் "தொண்டையில் தெளிவான கருங்கோடு" என்று எழுதியிருக்கும். முடிந்தது கதை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடர்காட்டுப் பறவை, சமவெளிக்கு வருவதே அரிதான பறவை, படம் ஒன்றின் பலத்தில் அயப்பாக்கத்துக்குக் குடிவந்துவிடுகிறது.

படத்தில் பொய் ஒன்றும் இல்லை. கோடு உண்மையிலேயே இருந்தது. ஆனால் அந்தக் கோட்டை எடைபோடத் தேவையானவை படத்துக்கு வெளியே நின்றன. அந்தப் பறவை திறந்த வெளியில் மின்கம்பத்தில் பத்து நிமிடம் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. பெஸ்ரா பெரும்பாலும் இலைக் கூட்டத்துக்குள்ளேயே ஒளிந்து வேட்டையாடுவது. இந்தப் பறவையோ கரிச்சான் குரலை ஒத்த இரட்டைக் குரல் கொடுத்தது. இதன் வாலோரத்துப் பட்டைகள் குறுகியவை, எண்ணிக்கையில் அதிகம். பெஸ்ராவுக்கு வாலின் கரும்பட்டைகள் அகன்றவை, எண்ணிக்கையில் குறைவு. கோடையில் இங்கே வல்லூறுகள் கூடு கட்டுகின்றன. அதற்குப் பின் வரும் மாதங்களில் புறநகர் முழுக்கப் பழுப்பு இளசுகள் திரியும். இத்தனையும் நின்று பார்த்தவருக்குக் கிடைத்திருக்கும். திரையைக் குனிந்து பார்த்தவருக்குக் கோடு மட்டும் கிடைத்தது.

கேமராவின் குறை என்ன என்று கொஞ்சம் தொழில்நுட்பமாகவே பேசுவோம். பறக்கும் பறவையை உறைய வைக்க ஒரு நொடியில் 2,000-இல் ஒரு பங்கு நேரம் திறந்து மூடும் ஷட்டர் வேண்டும். அந்த நுண்கணத்தில் சிறகு எந்த நிலையில் சிக்குகிறதோ அதுதான் படம். சிறகடிப்பின் கீழ்வீச்சில் சிக்கினால் வட்டச் சிறகுள்ள வல்லூறு கூர்ச்சிறகுள்ள கெஸ்ட்ரலாகத் தெரியும். வெளிறிய வானத்துக்கு எதிரே பறவையின் அடிப்பக்கம் கறுத்துப்போகும். அதைச் சரிசெய்ய வெளிச்சத்தை ஏற்றினால் மார்பின் மெல்லிய கோடுகள் கரைந்து வெள்ளையாகிவிடும். உருவ அளவு படத்தில் அறவே இல்லை: வெட்டிப் பெரிதாக்கிய படத்தில் புறாவளவுப் பறவையும் கோழியளவுப் பறவையும் ஒரே சட்டத்தை நிரப்பும். அளவு தெரிந்தாலும் பெரிய பயனில்லை என்பது வேறு. வல்லூறு வகைகளில் பெண் ஆணைவிடப் பெரியது என்பதால் ஒரு சிறு இனத்தின் பெண் பெரிய இனத்தின் ஆணை நெருங்கிவிடும். சிறகு நுனியில் விரல்போல் விரியும் இறகுகளை எண்ணுவது நல்ல வழி: வல்லூற்றுக்கும் பெஸ்ராவுக்கும் ஐந்து, குளிர்காலத்தில் வடக்கிலிருந்து தீபகற்பத்துக்கு வரும் யூரேசிய ஸ்பாரோஹாக்குக்கு ஆறு. ஆனால் இறகுதிர்க்கும் பறவையின் ஒற்றைப் படத்தில் இந்த எண்ணிக்கையும் ஏமாற்றும். ஆதார் அட்டைப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கோயம்பேட்டில் ஆளைத் தேடுகிற வேலைதான் இது.

பார்வைக்கு இவை இவ்வளவு ஒத்திருப்பதற்குக் காரணம் உறவு மட்டும் அன்று. 2024-இல் பறவைப் பெயர்ப்பட்டியல்களைப் பராமரிப்பவர்கள், மரபணு ஆய்வுகளின் அடிப்படையில், அக்சிபிட்டர் என்ற பழைய பெரும் பேரினத்தைப் பிரித்தார்கள். வல்லூறும் பெஸ்ராவும் டாக்கிஸ்பைசா என்ற பேரினத்துக்குப் போயின. யூரேசிய ஸ்பாரோஹாக் அக்சிபிட்டரிலேயே நின்றது. அச்சில் வார்த்தாற்போலத் தெரிகிறவை நாம் நினைத்த அளவுக்கு நெருங்கிய உறவுகள் அல்ல. மரங்களுக்கு இடையே புகுந்து திரும்பி இரை பிடிக்கிற தொழிலுக்குக் குட்டையான வட்டச் சிறகும் நீண்ட வாலும் வேண்டும். தொழில் ஒன்றானதால் உடலமைப்பும் ஒன்றுபோல் நிற்கிறது. அப்படியானால் வேறுபாட்டையும் தொழிலில்தான் தேட வேண்டும். எங்கே உட்காருகிறது, எப்படிப் பாய்கிறது, தாக்குதல் தவறினால் என்ன செய்கிறது. இதில் ஒன்றுகூட ஒற்றைப் படத்தில் இல்லை.

அக்காக்குயிலைப் பாருங்கள். வல்லூற்றின் சாம்பல் முதுகு, கோடிட்ட மார்பு, பட்டை போட்ட வால், ஏன், பறந்து வந்து கிளையில் அமரும் தோரணை வரை அச்சு அசலாகக் கொண்ட குயில் அது. தவிட்டுக்குருவிகளே மிரண்டு கத்தும். நல்ல வெளிச்சத்தில் அலகு தெரிந்தால் படம் காட்டிக்கொடுத்துவிடும்: வளைந்த கொக்கி இல்லை, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். அலகு இலைக்குப் பின்னால் போனால் படக்காரர் கையறு நிலையில் நிற்பார். இன்னும் ஒரு நிமிடம் பார்த்தவரோ அது கம்பளிப்புழுவைப் பொறுக்கித் தின்பதைக் கண்டிருப்பார்.

இந்த இடத்தில் பழைய பரிசோதனை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1930-களின் பிற்பாதியில் கொன்ராட் லாரன்சும் நிக்கோ டின்பெர்கனும் அட்டையில் ஓர் உருவத்தை வெட்டி, கோழியினப் பறவைகளின் தலைக்கு மேலே கம்பியில் இழுத்தார்கள். ஒரு முனை குட்டை, மறுமுனை நீளம். குட்டை முனை முன்னே போனால் பருந்து: குறுங்கழுத்து, நீள்வால். அதே அட்டையைத் திருப்பி இழுத்தால் வாத்து: நீள்கழுத்து, குறுவால். பருந்துத் திசையில் இழுத்தபோது குஞ்சுகள் அஞ்சின, வாத்துத் திசையில் அஞ்சவில்லை என்று பாடநூல்கள் பல பத்தாண்டுகள் எழுதின. நிறம் கிடையாது, கோடு கிடையாது, கண் நிறம் கிடையாது, அட்டைதான். அட்டையும் ஒன்றேதான், மாறியது அசைவின் திசை மட்டும்.

பிறகு வோல்ஃப்காங் ஷ்லைட் இதை வான்கோழிகளிடம் மறுபடி சோதித்து, 1961-இல் முடிவுகளை வெளியிட்டுப் பாடநூல்களைத் திருத்த வைத்தார். வெளியுலகம் காணாமல் வளர்ந்த வான்கோழிகளுக்கு உருவம் எதுவாயினும் ஒன்றே. எது அடிக்கடி தலைக்கு மேல் போகிறதோ அது பழகிவிடுகிறது, எது அரிதாகப் போகிறதோ அது அச்சுறுத்துகிறது. அந்த ஊரில் வாத்துகள் அன்றாடம் பறந்தன, பருந்துகள் எப்போதாவது பறந்தன, அவ்வளவே. லாரன்ஸ் கட்சிக்கு இது தோல்வி. என் கட்சிக்கு இரட்டை லாபம். அன்றாடம் பறப்பதை மனத்தில் ஏற்றிக்கொண்ட கண்ணுக்குத்தான் அரியது துள்ளி வெளியே தெரியும் என்று வான்கோழிகளே சொல்லிவிட்டன.

அம்பத்தூரில் அன்றாடம் பறப்பது கள்ளப்பருந்து. கறிக்கடை, குப்பைமேடு, செல்போன் கோபுரம் எல்லாவற்றுக்கும் மேலே சுற்றுவது. இதை யாரும் பார்ப்பதில்லை. "சும்மா பருந்துதான்" என்று லென்ஸைத் தாழ்த்திவிடுகிறார்கள். இந்த அலட்சியம்தான் இனம் பிரிக்கத் தெரியாமைக்கு முதற்காரணம் என்பேன். "பிளவுபட்ட வால் என்றால் கள்ளப்பருந்து" என்று மனப்பாடம் செய்தவர், வட்டமடிக்கும்போது அது வாலை முழுதும் விரித்தால் பிளவு மறைந்து விளிம்பு நேராகிவிடும் என்பதைக் கவனித்திருக்க மாட்டார். அப்படிச் சிக்கிய படத்தை வைத்துக்கொண்டு "வால் நேராக இருக்கிறது, பூட்டட் ஈகிளின் கரும்வகை" என்று வாதாடுவார். குளிர்காலத்தில் பூட்டட் ஈகிள் நம் ஏரிகளுக்கு வருவது மெய்தான். அதன் கரும்வகை கள்ளப்பருந்தை ஒத்திருப்பதும் மெய்தான். ஆனால் கள்ளப்பருந்தை ஒரு மதியம் முழுக்கப் பார்த்தவருக்குத் தெரியும்: அதன் வால் சும்மா இருப்பதே இல்லை. சுக்கானைப் போல இப்படியும் அப்படியும் முறுக்கிக்கொண்டே போகும். மணிக்கட்டு மடிந்த சிறகு, தளர்ந்த வீச்சு. கழுகின் பறப்பு இறுக்கமானது. வால் பெரும்பாலும் அசையாது. நேரே நம்மை நோக்கி வரும்போது சிறகும் கழுத்தும் கூடும் இடத்தில் இரண்டு வெள்ளைப் பொட்டுகள், வண்டியின் முகப்பு விளக்கு மாதிரி. இந்தப் பொட்டு படத்திலும் விழக்கூடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூட்டத்தில் சுற்றும் முப்பது பருந்துகளில் எதன் மேல் லென்ஸைத் திருப்புவது என்று சொன்னது அதன் பறப்புதானே?

இளம் செம்பருந்தும் இதே குழப்பத்தில் மாட்டுவது. வளர்ந்த செம்பருந்தை, நம் கருடனை, குழந்தையும் சொல்லும். மாங்காட்டிலோ திருவேற்காட்டிலோ கும்பாபிஷேகம் நடக்கையில் கலசத்தின் மேலே கருடன் வட்டமிட வேண்டும் என்று ஆயிரம் பேர் அண்ணாந்து நிற்பார்கள். கள்ளப்பருந்துகளும் அங்கே சுற்றிக்கொண்டுதான் இருக்கும். "அதோ கருடன்!" என்று எழும் குரல் பெரும்பாலும் சரியான பறவையைத்தான் சுட்டும். அவர்கள் யாரிடமும் கேமரா கிடையாது. இருந்தாலும் அது கோபுரத்தை நோக்கி இருக்கும். அவர்களிடம் இருப்பது பொறுமை. வெயிலில் கழுத்து வலிக்க அரைமணி நேரம் அண்ணாந்து பார்ப்பதை எந்தப் பறவை நடையும் இன்று கற்றுத் தருவதில்லை. செம்பருந்தின் இளசு பழுப்பாக இருக்கும். அங்கே பக்தர்களும் தோற்பார்கள், நிறத்தை நம்பும் படக்காரரும் தோற்பார். வட்டமான வால் முனை, ஒப்பீட்டில் குட்டையான சிறகு, முறுக்காத வால் என்று பறப்பைப் பார்த்தவர் தப்பிப்பார்.

செம்பரம்பாக்கம் இதற்கெல்லாம் நல்ல பள்ளிக்கூடம். 24 அடி நிறைந்து நிற்கும்போது ஏரி வெறும் தண்ணீர். தையில் நீர் இறங்கத் தொடங்கியதும் ஓரத்தில் கோரையும் புல்லும் வெளிப்படும். அதன் மேல் தாழப் பறந்து போகும் சேற்றுப் பூனைப்பருந்து. பெண்ணுக்குத் தலை வெளிறிய பாலாடை நிறம், உடல் அடர் பழுப்பு. "வெள்ளைத் தலை" என்ற ஒரே குறியால் இதைச் செம்பருந்து என்றும், மீன் பிடிக்க வரும் விராலடிப்பான் என்றும் பெயரிட்ட படங்கள் எத்தனையோ. கால் கிலோமீட்டர் தொலைவில், நிறமே தெரியாத கானலில்கூட, அதன் பறப்பு அதைக் காட்டிக்கொடுத்துவிடும்: இரண்டு மூன்று அடிப்பு, பிறகு சிறகுகளை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்து ஆடி ஆடி மிதப்பு. விராலடிப்பான் அப்படி மிதக்காது. கேமரா தோற்றுப்போகும் தொலைவில்தான் இந்த வித்தை கைகொடுக்கிறது.

படமே போதும் என்ற கொள்கைக்குத் தேன்பருந்து சாவுமணி. வெளுத்தது, கறுத்தது, கோடு போட்டது, புள்ளி போட்டது என்று ஒரே இனம் இத்தனை வேடம் போடுகிறது. கையேட்டின் எந்தப் படத்தோடு ஒப்பிட்டாலும் நம் கையிலுள்ள படம் கொஞ்சம் தவறும். வேறு கழுகின் படத்தோடு கொஞ்சம் பொருந்தும். அந்த உடம்புக்குப் பொருந்தாத சிறிய தலை, நீட்டிய கழுத்து, தட்டையாக விரித்த நீள்சிறகு: இந்தத் தேகவாகு மட்டும் எந்த வேடத்திலும் மாறுவதில்லை.

நிறமே போதும் என்று சொல்லத்தக்க பறவைகளும் உண்டு. பட்டாபிராம், திருநின்றவூர் பக்கம் மனைக்கல் நட்டுக் காத்திருக்கும் வயல்களின் மேலே அந்தரத்தில் நின்று சிறகடிக்கும் கருந்தோள் பருந்துக்கு வெள்ளை உடலும் கருந்தோளும் சிவந்த கண்ணும் எந்தப் படத்திலும் தப்பாது. அவற்றைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை.

எதிர்க்கட்சியின் வலுவான வாதம் வேறிடத்தில் இருக்கிறது. நினைவு பொய் சொல்லும். ஆசை பறவைக்கு இறகு முளைக்கச் செய்யும். படம் இருந்தால் மூன்றாமவர் சரிபார்க்கலாம், பத்து வருடம் கழித்தும் திரும்பிப் பார்க்கலாம். உண்மை. அம்பத்தூரில் பெஸ்ரா என்று யார் சொன்னாலும் நானும் படம் கேட்பேன். மாவட்டத்துக்குப் புதிய பறவைக்கு நல்ல படங்களின் வரிசை, அதுவும் பல கோணங்களில், வேண்டும். அரிய பறவைக்கான இந்த விதியை எல்லாப் பறவைக்கும் நீட்டும்போதுதான் கெடுகிறது. 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை ஏறத்தாழ 30,000 பேர் தந்த 3 கோடிப் பதிவுகளை வைத்து 942 இனங்களை மதிப்பிட்டது. வேட்டைப்பறவைகள் பல குறைந்துவருவதை அது காட்டியது. அந்தப் பதிவுகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குப் படம் கிடையாது. பார்த்தவரின் கண்ணை நம்பியே நாட்டின் கணக்கு நிற்கிறது. ஆகவே கண்ணைப் பழக்குவது ஏதோ பழம்பெருமைக்காரர்களின் ஆசை என்று தள்ள முடியாது.

வெளிநாட்டில் இந்தச் சண்டை எப்போதோ நடந்து முடிந்துவிட்டது. அமெரிக்காவில் கூப்பர்ஸ் ஹாக், ஷார்ப்-ஷின்டு ஹாக் என்ற இரட்டையர்களிடம் தலைமுறைகள் தடுமாறின. மலைமுகட்டில் நின்று வலசை போகும் பறவைகளை எண்ணியவர்களுக்கு மார்புக் கோடெல்லாம் தெரியாது. புள்ளியாகத் தெரியும் உருவத்துக்கு அங்கேயே பெயர் சொல்லியாக வேண்டும். அவர்கள் சேர்த்த அறிவை 1988-இல் பீட் டன், டேவிட் சிப்லி, கிளே சட்டன் மூவரும் 'ஹாக்ஸ் இன் ஃபிளைட்' என்று நூலாக்கினார்கள். தலை சிறகுக்கு முன்னே எவ்வளவு நீண்டிருக்கிறது, சிறகு எத்தனை அடிப்புக்கு ஒருமுறை ஓய்கிறது என்ற கணக்கிலேயே அந்த நூல் நடக்கிறது. நம் ஊரில் அப்படி ஒரு நூல் தமிழில் இல்லை. நம்மிடம் இருப்பது மெர்லின் என்ற செயலி.

செயலியை நான் எதிர்க்கவில்லை. அதன் பெயரால் சொல்லப்படுவதைத்தான் எதிர்க்கிறேன். "மெர்லினில் போட்டேன், அதுவே சொல்லிவிட்டது" என்கிறார்கள். படத்தைக் கொடுத்ததும் மெர்லின் என்ன கேட்கிறது என்று கவனித்தீர்களா? எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது என்கிறது. லட்சக்கணக்கான படங்களில் பயின்ற இயந்திரமே படத்தை மட்டும் நம்பாமல் ஊரையும் மாதத்தையும் விசாரிக்கிறது. மனிதர்கள் மட்டும் படமே போதும் என்கிறார்கள்.

அந்த இயந்திரம் எந்த ஊரில் எந்த மாதம் எந்தப் பறவை வரக்கூடும் என்று அறிவது ஈபேர்ட் தளத்தில் நாம் இடும் பட்டியல்களிலிருந்துதான். அங்கே "இன்னதெனத் தெரியாத வேட்டைப்பறவை" என்று குறிக்கவும் இடம் உண்டு. படம் இல்லாதபோது கண்டதை எழுத்தில் விவரிக்கவும் இடம் உண்டு. பெயரில்லாத பதிவு வீண் என்று நினைப்பவர்கள் அந்த இடத்தைத் தாண்டிப்போய் ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பழுப்பு இளசு ஒன்று தொண்டைக் கோட்டின் பலத்தில் பெஸ்ரா ஆகிறது. மறுபார்வை செய்பவர்கள் பலவற்றைப் பிடித்து நிறுத்துகிறார்கள். தெளிவான படம் இணைந்திருந்தால், அதிலும் கோடு பளிச்சென்றிருந்தால், ஒன்றிரண்டு நழுவிப்போகின்றன. வரைபடத்தில் அம்பத்தூர் மேல் ஒரு புள்ளி விழுகிறது. அடுத்த ஆண்டு இன்னொருவர் கொரட்டூர் ஏரியோரம் இன்னோர் இளம் வல்லூற்றைப் படம் பிடித்துச் செயலியில் போடுவார். இந்தப் பக்கம் பெஸ்ரா வருவதுண்டு என்று அதற்கு இப்போது தெரியும். அது காட்டும் பெயர்களில் பெஸ்ராவும் ஒன்றாக வரும். அவரும் கோட்டைப் பார்த்துவிட்டு அந்தப் பெயரைத் தொடுவார். இரண்டாவது புள்ளி விழும். இரண்டு படங்கள், இரண்டு பதிவுகள். இனி யார் சந்தேகம் எழுப்பினாலும் ஆதாரம் எங்கே என்று அவரைத்தான் கேட்பார்கள்.